1985-இல் கல்யாணம் ஆன மகளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?

'எனக்கு 1985-இல் கல்யாணம். அப்பா 2001-இல் காலமானார். தாத்தா காலத்து நிலத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார்கள் அண்ணன்கள். உண்மையா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பங்கு உண்டு, அம்மா. அண்ணன்கள் மனதில் இருப்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான பெண்களை அது விட்டுவிட்டது. ஆனால் அதே சட்டத்தில் 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம், மணமானவரோ ஆகாதவரோ, மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் பாருங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தாலோ, நிலம் விற்கப்பட்டிருந்தாலோ அதை இப்போது கலைக்க முடியாது. அதனால் முதலில், நிலத்தின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையை முடிவு செய்யாது.

அப்புறம், 'சும்மா ஒரு கையெழுத்து' என்று விடுதலைப் பத்திரத்தை, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, நீட்டினால் படிக்காமல் போடாதீர்கள். பாசத்தில் போட்டுவிட்டுப் பிறகு அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவான பின் அதை ரத்து செய்வது பெரும்பாடு.

பேசித் தீரவில்லையென்றால் பாகப்பிரிவினை வழக்குத்தான். ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள், காலவரம்புச் சிக்கல் வரலாம். வக்கீல் செலவு கவலையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள்.