இடைவெளியை வெட்டியதும் பேட்டி மூச்சுமுட்டுகிறதா?

ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில், மௌனங்களைத் தானாகச் சுருக்கும் 'ட்ரங்கேட் சைலன்ஸ்' ஓட்டியதை முதலில் அன்டூ செய்யுங்கள். நீங்கள் பேட்டி எடுத்த முட்டத்துக் கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) மீனவப் பெரியவர் மூச்சுவிடாமல் பேசுவதுபோல் கேட்பது அதனால்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே முக்கால் நொடியாவது இருக்கட்டும்.

பெரும்பாலும் த்ரெஷோல்டில்தான் கோளாறு. ஆடாசிட்டியில் நீங்கள் மாற்றாமல் விட்டால் அது மைனஸ் 20 டெசிபல். அதைவிட மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு மௌனம். நம்ம கடற்கரைப் பெரியவர்கள் உரக்கத் தொடங்கி, முடிக்கும்போது குரலை இறக்கிவிடுவார்கள். தமிழில் வினைமுற்று வருவதே கடைசியில்தானே? போனாரா, போகவில்லையா என்பதையே கத்தரி தின்றுவிடும்.

இரண்டு நிமிடத் துண்டை நகல் எடுத்து இப்படிப் பாருங்கள்:

1. த்ரெஷோல்டு மைனஸ் 40. ஒன்றரை நொடிக்கு மேற்பட்ட மௌனத்தை மட்டும் 0.8 நொடியாக்குங்கள்.
2. திரையைப் பார்க்காமல் கேளுங்கள். நாகர்கோவில் - தக்கலை பஸ்ஸில் கேட்டால் இன்னும் நல்லது. எங்கே பின்னால் தள்ளிக் கேட்கத் தோன்றுகிறதோ, அங்கே ஒரு நிறுத்தம் குறைகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: அலைச்சத்தம் மைனஸ் 40-ஐத் தாண்டினால் இது எதையுமே வெட்டாது, அப்புறம் கையால்தான். அப்போதும் அலை நடுவே வெட்டினால் சத்தம் குதிக்கும். குளச்சலில் நான் எடுத்த முதல் பேட்டியில் அலை எழும்பும், விழவே விழாது! வெட்டு தெரியாமலிருக்க, வெறும் அலையை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து கீழ் ட்ராக்கில் மெல்ல ஓடவிடுங்கள்.

40 நிமிடம் நீளம் என்று தோன்றினால், இரண்டு முறை சொன்ன கதையில் ஒன்றை முழுசாகத் தூக்கிவிடுங்கள்.