வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டனில் வாங்கிய விருப்ப எண்

கேள்வி: என் மகன் லெஸ்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இவ்வாண்டு இறுதியில் குடும்பத்தோடு டர்பனுக்குத் திரும்புகிறான். தன் பெயரின் எழுத்துகள் அமைந்த பதிவு எண் ஒன்றை அங்கே விலைக்கு வாங்கிக் காருக்குப் போட்டிருக்கிறான். காரையும் கப்பலில் அனுப்பப் போகிறானாம். அந்த எண் இங்கே செல்லுமா? செல்லாதென்றால், பர்மிங்காமில் இருக்கும் என் மகளுக்கு அதைக் கொடுக்க முடியுமா?
– ஒரு தாயார், சாட்ஸ்வொர்த்

பதில்: இங்கே செல்லாது, அம்மா. குவாசுலு-நட்டாலில் பதிவாகும் கார், விருப்ப எண் கேட்டாலும், இறுதியில் இசட்என் என்ற எழுத்துகள் கொண்ட நம் மாகாண எண்ணையே புதிதாகப் பெற வேண்டும். (ஓடிய காரை இறக்குமதி செய்வதற்குச் சர்வதேச வணிக நிர்வாக ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். கப்பல் கட்டணத்தை விசாரிக்கும் முன்பே அதை விசாரிப்பது நல்லது.)

மகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் தவறினால் எண் கைவிட்டுப் போய்விடும். பிரிட்டனில் எண்ணுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் அது நம் சொத்தாகிவிடுவதில்லை. ஸ்வான்சீயில் உள்ள வாகன உரிம முகமையான டிவிஎல்ஏ அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தருகிறது; எண் காரில் இருக்கும்வரை அந்த உரிமை காரின் பதிவேட்டில் பெயருள்ளவரையே சாரும். ஆகவே எண்ணைக் கழற்றாமல் காரை விற்றால் எண் வாங்கியவருக்குப் போகும். கழற்றாமல் நிரந்தரமாக நாட்டைவிட்டுக் கொண்டுவந்தால் உரிமையே அற்றுப்போகும்.

எனவே கார் துறைமுகத்துக்குப் போகும் முன்பே, உங்கள் மகன் 80 பவுண்டு செலுத்தி எண்ணைக் காரிலிருந்து விலக்கி, தன் பெயரில் நிறுத்திவைக்க வேண்டும். முகமை கேட்டால் சோதனைக்குக் காட்டக் கார் அங்கே இருக்க வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம். வி778 என்ற சான்றிதழ் அவருக்கு வரும். காருக்குப் பெரும்பாலும் அதன் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஆண்டுதோறும் பணம் கட்டி நீட்டிக்க வேண்டியிருந்த இச்சான்றிதழ், 2015 முதல் 10 ஆண்டுகள் செல்லுபடியாகிறது. காலாவதியாகும் முன் புதுப்பிக்காவிட்டால் எண்ணை இழக்க நேரும்.

அச்சான்றிதழைக் கொண்டு, மறுபடியும் கட்டணமின்றி, மகளின் காருக்கு அந்த எண்ணைப் போடலாம். போட்டபின் உரிமை மகளுடையது. தம்பி திரும்பக் கேட்டால் அக்கா மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு! இன்னொன்று: எண் காரின் வயதைக் குறைத்துக் காட்டக் கூடாது. 2007-ஐக் குறிக்கும் 07 அதில் இருந்தால், 2005-இல் பதிவான காருக்கு அதைப் போட முடியாது. 2012-இல் பதிவான காருக்குத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: லண்டனில் காலமான என் சிற்றப்பாவின் காரில் இத்தகைய எண் இருக்கிறது. உயிலில் எண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. காரை விற்கலாமா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எண் குடும்பத்தில் தங்க வேண்டுமென்றால், இப்போது விற்க வேண்டாம். உயிலை நிறைவேற்றுபவர், இறப்புச் சான்றிதழையும் தம் அதிகாரத்தைக் காட்டும் ஆவணத்தையும் காரின் பதிவுப் புத்தகத்தையும் 80 பவுண்டுடன் டிவிஎல்ஏவுக்கு அஞ்சலில் அனுப்பி, எண்ணை நிறுத்திவைக்கவோ வேறு காருக்கு மாற்றவோ கேட்கலாம். புதிய பதிவுப் புத்தகம் வந்து சேர்ந்த பிறகு காரை விற்கலாம்.