ஒன்பது வருடம் நின்ற கார்

அன்புள்ள ஐயா,

பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பிரித்துப் பூட்டிய அனுபவத்தை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன். 1986-ஆம் வருடத்து போர்ஷே 944 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒன்பது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நன்றாக ஓடும் 944 போகிற விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். "நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிச்சு, பேட்டரி மாத்தினா போதும்" என்கிறார் உரிமையாளர். மிச்சமாகும் இரண்டு பங்கில் சரிசெய்துவிட முடியாதா? வேண்டாத வேலை என்கிறார் என் மனைவி. எனக்கோ சின்ன வயதிலிருந்து இருக்கும் ஆசை.

ர.

அன்புள்ள ர.,

கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. உங்கள் கணக்கில் இடிப்பது இதுதான். காரை மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாட்டர் பம்பை அப்படித் தருகிறவர் யாரும் இல்லை.

944-இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். இரண்டையும் இணைக்கும் தண்டு நடுவில் ஒரு நீளக் குழாய்க்குள் ஓடுகிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாக விழுவதால் வளைவுகளில் அது திரும்பும் சுகமே தனி. அந்தச் சுகத்துக்கான பில் கிளட்ச் மாற்றும்போது வரும். சைலன்சர் பைப்பைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, குழாயைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச் கைக்கு எட்டும். கிளட்சின் விலையை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறவர் கூலியைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் டைமிங் பெல்ட். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட் அது. ரப்பருக்கு ஓடிய தூரம் மட்டுமல்ல, வயதும் கணக்கு. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால், பிரிக்கிறபோதே அதையும் மாற்றிவிடுவார்கள். எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இருக்கும் தனி பெல்ட்டுக்கும் அதே கதிதான்.

உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஓடித்தான் இருக்கும். ஆனால் நின்ற காலத்தில் பெட்ரோல் பிசினாகி, அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைத்திருக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, உள்ளே துரு பிடித்து, சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருக்கலாம். எலி வயரைக் கடித்திருந்தால்? எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பயம். துருவைக் கண்ணால் பார்த்துவிடலாம், எலி கடித்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆயுள் போய்விடும்.

நானும் ஒருமுறை இப்படி மாட்டியவன்தான். இரண்டு சீட் கார், பெயர் வேண்டாம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கதவுக்குக் கீழே இருக்கும் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பாதி உள்ளே போய்விட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டியை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். இந்தச் சோதனையை நான் செய்தது காரை வாங்கிய மறுவாரம். 944-இன் உடம்புக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால் எங்காவது இடித்து டிங்கரிங் பார்த்த இடத்தில் அந்தப் பூச்சு மிஞ்சியிருக்கும் என்று நம்ப வேண்டாம். துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் வாங்குங்கள். பிரித்த பிறகு தெரியவருபவற்றுக்காக அதில் பாதியைக் கூட்டுங்கள். காரின் விலையையும் சேர்த்தால், நன்றாக ஓடும் காரின் விலையைத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். அந்த வகையில் உங்கள் மனைவி சொல்வது சரி.

ஆனால் தூண்டில் போடப் போகிறவர் மீன் கிலோ என்ன விலை விழுந்தது என்று பார்ப்பதில்லை. உங்கள் ஆசை 944-ஐ ஓட்டுவதா, ராத்திரி பத்து மணிக்கு அதன் அடியில் படுத்துக்கொண்டு நட்டைத் தேடுவதா என்று கடிதத்தில் இல்லை. ஓட்டுவதென்றால், பெல்ட்டும் கிளட்சும் மாற்றிய பில்லோடு வரும் காரை முழு விலை கொடுத்து வாங்குங்கள். அடியில் படுப்பதென்றால், பணம் திரும்பி வராது என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிட்டு இதை வாங்குங்கள். பாதி பிரித்த காரை விற்கப் போனால் நீங்கள் கொடுத்த விலைகூடத் தேறாது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு விஷயம். உரிமையாளர் உற்சாகத்தில் வேறு பேட்டரியைக் கொண்டுவந்து, "இருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்" என்பார். பெல்ட்டைப் பார்க்காமல் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.