எம்டிபிஇ: தடைக்குப் பிறகும் ஒரு சந்தை – கடிதம்

ஐயா,

வணக்கம். ஈயம் கலந்த பெட்ரோலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஈயத்தை எடுத்த பிறகு அந்த இடத்துக்கு வந்த பொருள்களில் எம்டிபிஇ (மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர்) ஒன்று என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டீர்கள். நான் வேதிப்பொறியியல் முடித்து ஒரு நிறுவனத்தின் சந்தை ஆய்வுப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்த முதல் வேலையே இந்த எம்டிபிஇ-யின் உலகச் சந்தை அடுத்த சில ஆண்டுகளில் எப்படிப் போகும் என்று அறிக்கை தயாரிப்பதுதான். விலைக்கு வாங்கிய ஆய்வறிக்கைகள் சிலவற்றைத் தந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஏறுகோடு. அமெரிக்காவில் இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று படித்தேன். மின்வண்டிகளும் வந்துவிட்டன. அப்புறம் எப்படி ஏறும்? நிலத்தடி நீர் கெட்ட விஷயத்தை அறிக்கையில் சேர்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அது சந்தைக்குச் சம்பந்தமில்லாதது, விட்டுவிடு என்றார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அந்த ஏறுகோடு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். இன்னும் சில ஆண்டுகளுக்கு உலகம் எம்டிபிஇ-யைக் கணிசமாகவே வாங்கும். ஆனால் கடந்த ஐந்து ஆண்டு விற்பனையை அப்படியே நீட்டிப் போட்ட கோடு இந்தப் பொருளுக்குப் பொருந்தாது. இதன் வரலாற்றில் வந்த பெரிய ஏற்றமும் பெரிய இறக்கமும் சட்டத்தால் வந்தவை. வண்டி ஓட்டுகிறவர் யாரும் எம்டிபிஇ வேண்டும் என்று கேட்டதில்லை, வேண்டாம் என்று சொன்னதுமில்லை. எந்த நாட்டில் எந்தச் சட்டம் மாறப்போகிறது என்று பார்க்காமல் எழுதும் அறிக்கையில் பாதி வெற்றிடம்தான்.

பொருளை ஒரு தடவை பார்த்துவிடுவோம். மெத்தனாலையும் ஐசோபியூட்டிலீனையும் அமிலத்தன்மையுள்ள பிசின் வினையூக்கியின் மேல் சேர்த்தால் எம்டிபிஇ கிடைக்கிறது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 0.36 டன் மெத்தனால், 0.64 டன் ஐசோபியூட்டிலீன். எஞ்சினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுவது ஆக்டேன் எண்; இதற்கு அது 115-க்கு மேல். எத்தனாலைப் போல இது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளாது. அதனால் சுத்திகரிப்பு ஆலையிலேயே பெட்ரோலில் கலந்து குழாய்வழியாக அனுப்பிவிடலாம். பெட்ரோலின் ஆவியழுத்தத்தையும், அதாவது எளிதில் ஆவியாகும் தன்மையையும், பெரிதாக ஏற்றாது. கலவை போடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைப்பது அரிது. இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் இது நிலைத்திருக்கிறதென்றால் முதல் காரணம் அந்த வசதிதான்.

1973-ல் இத்தாலியில் முதல் ஆலை வந்தது. 1979-ல் அமெரிக்காவில் 7 விழுக்காடு வரை கலக்க அனுமதி கிடைத்தது. ஈயத்தை விலக்கியதால் குறைந்த ஆக்டேனை ஈடுகட்டுவதுதான் அப்போது இதன் வேலை. 1990-ல் அங்கே தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். காற்று மாசு மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 விழுக்காடு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று வந்தது. 1995 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் ஆலைகள் எம்டிபிஇ பக்கம் போயின. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கா நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவழித்தது. அந்த ஆண்டுகளில் யாராவது சந்தைக் கணிப்பு எழுதியிருந்தால் அதிலும் ஏறுகோடுதான் இருந்திருக்கும்.

அடுத்து வந்தது தண்ணீர். உங்கள் மேலாளர் விட்டுவிடச் சொன்ன இடம் இது. நான் கொஞ்சம் நின்று பேசவேண்டிய இடமும் இதுவே.

பெட்ரோல் நிலையங்களில் நிலத்தடித் தொட்டிகள் கசிவது பழைய கதை. பென்சீன் போன்றவை கசிந்தால் தண்ணீரில் குறைவாகவே கரையும், மண்ணில் ஓரளவு ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்றுவிடும். எம்டிபிஇ ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராமுக்கு மேல் கரைகிறது. மண்ணில் ஒட்டுவதில்லை. அதன் மூலக்கூறு அமைப்பை உடைப்பது நுண்ணுயிர்களுக்கும் லேசில்லை. நிலத்தடி நீர் எந்த வேகத்தில் நகர்கிறதோ ஏறத்தாழ அதே வேகத்தில் இதுவும் கிணற்றை நோக்கி நகரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2 விழுக்காடு ஆக்சிஜன் வேண்டுமென்றால் கொள்ளளவில் 11 விழுக்காடு எம்டிபிஇ கலக்க வேண்டும். அப்படிக் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோலில் அது 110 மில்லி, எடையில் ஏறத்தாழ 80 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு வாடையும் சுவைக்கேடும் தெரியாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-ல் அறிவுரை வெளியிட்டது. 80 கிராமை 20 மைக்ரோகிராமால் வகுத்தால் 40 லட்சம் லிட்டர் வரும். சிந்திய ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது முழுவதும் கரைந்து பரவினால் 40 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். தொட்டியில் விழுந்த ஊசித் துளை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் எவ்வளவு விடும் என்று நினைத்துப் பார்த்தால் மீதி புரிந்துவிடும்.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரத்தில் 1996-ல் கிணறுகளை மூடினார்கள். நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ பாதி அந்தக் கிணறுகளிலிருந்து வந்தது. வெளியிலிருந்து விலைக்கு நீர் வாங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், 2003-ல் எண்ணெய் நிறுவனங்களுடன் உடன்பாடு வந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி அந்த நீரை மறுபடி எடுக்க 2010 வாக்கில் ஆகிவிட்டது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எம்டிபிஇ-யை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாத 3-ஆம் பிரிவில்தான் நெடுங்காலம் வைத்திருந்தது; 2025-ல்தான் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற 2பி பிரிவுக்கு மாற்றியது. அதை வைத்து இதை நஞ்சு என்று பயமுறுத்த நான் வரவில்லை. வாயில் வைக்க முடியாத தண்ணீரை எந்த ஊர் குடிக்கும்? ஒரு நகரம் தன் நீரை இழக்க அது போதும்.

1999 மார்ச்சில் கலிபோர்னிய ஆளுநர் கிரே டேவிஸ் இதை விலக்க உத்தரவிட்டார். 2004 தொடக்கத்தில் கலிபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட் மூன்றிலும் தடை நடைமுறைக்கு வந்தது. மெத்தனால் தயாரிக்கும் கனடா நிறுவனமான மெத்தனெக்ஸ், கலிபோர்னியத் தடையால் தனக்கு ஏறத்தாழ 97 கோடி டாலர் இழப்பு என்று வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்க அரசின் மேல் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2005-ல் தோற்றது. அதே ஆண்டு வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஆக்சிஜன் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உயிரி எரிபொருளுக்குக் கட்டாய அளவு வைத்தது. எம்டிபிஇ கலந்தவர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தர மறுத்துவிட்டது. சட்டம் எம்டிபிஇ-யை நாடு முழுவதும் தடைசெய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்குப் பயம் மட்டும் போதுமானதாக இருந்தது. 2006-ல் ஆலைகள் எத்தனாலுக்குப் போய்விட்டன. உலகத்தின் மிகப்பெரிய சந்தை அத்தோடு இல்லாமல் போனது.

ஆகவே மேலாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இந்தப் பொருளின் விற்பனை கண்ட மிகப்பெரிய சரிவுக்குக் காரணமே நிலத்தடி நீர்தான். அதைவிடச் சந்தைக்குச் சம்பந்தமுள்ள செய்தி எது?

உங்கள் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். அமெரிக்கா தன் பெட்ரோலில் கலப்பதைத்தான் விட்டது, தயாரிப்பதை விடவில்லை. டெக்சாஸ் கடற்கரையில் ஆலைகள் இன்றும் ஓடுகின்றன, சரக்கு மெக்சிகோவுக்கும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் போகிறது. 2023-ல் லயண்டெல்பாசெல் நிறுவனம் ஹூஸ்டன் அருகே ஒரு பெரிய ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 4.7 லட்சம் டன் புரொப்பிலீன் ஆக்சைடு, அதோடு 10 லட்சம் டன் டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹால். இரண்டாவதிலிருந்து எம்டிபிஇ போன்ற ஈதர்கள் வருகின்றன.

உங்களிடம் இருக்கும் அறிக்கைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். புரொப்பிலீன் ஆக்சைடு எதற்கு? மெத்தை, இருக்கை, குளிர்ப்பெட்டிக் காப்பு என்று பாலியூரித்தேன் நுரைக்கு. இந்த முறையில் ஒரு டன் புரொப்பிலீன் ஆக்சைடு எடுத்தால் இரண்டு டன்னுக்கு மேல் ஆல்கஹால் கூடவே வந்துவிடும். அதை விற்றாக வேண்டும். எனவே சந்தைக்கு வரும் எம்டிபிஇ-யில் ஒரு பங்கு பெட்ரோல் தேவையைப் பார்த்து வருவதில்லை, நுரைக்கு உள்ள தேவையைப் பார்த்து வருகிறது. இன்னொரு பங்கு எத்திலீன் ஆலைகளின் நான்கு கார்பன் வாயுக்களிலிருந்து வருகிறது. அதற்கும் தேவை பிளாஸ்டிக் பக்கம். வேண்டுமென்றே ஐசோபியூட்டேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கி ஐசோபியூட்டிலீன் எடுத்துத் தயாரிக்கிறவர்கள்தான் இலாபம் பார்த்து ஓட்டுவதும் நிறுத்துவதும். விலை சரியும்போது முதலில் நிற்கும் ஆலைகள் எவை என்று உங்கள் அறிக்கையில் சொல்ல முடிந்தால் அது வாங்கிய அறிக்கைகளைவிட மேலானதாகிவிடும்.

மெக்சிகோவின் எரிபொருள் தர விதியைப் பாருங்கள். மெக்சிகோ நகரம், குவாதலஹாரா, மான்டெரே மூன்று பெருநகரங்களிலும் எத்தனால் கலக்கக்கூடாது. எத்தனால் ஆவியழுத்தத்தை ஏற்றி ஓசோன் மாசைக் கூட்டும் என்ற அச்சம். மற்ற இடங்களில் 5.8 விழுக்காடு வரை. 2017-ல் அதை 10 ஆக்க முயன்றார்கள், 2020 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால் டெக்சாஸ் ஆலைகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

சீனா இன்று மிகப்பெரிய உற்பத்தியாளர், மிகப்பெரிய நுகர்வோரும் அதுதான். 2017-ல் நாடு முழுவதும் 10 விழுக்காடு எத்தனால், 2020-க்குள் என்று அறிவித்தார்கள். சீனத் தர விதிப்படி எத்தனால் பெட்ரோலில் எம்டிபிஇ போன்ற வேறு ஆக்சிஜன் சேர்மங்களைக் கலக்கக்கூடாது. திட்டம் நிறைவேறியிருந்தால் 2006 திரும்ப வந்திருக்கும். மக்காச்சோளக் கையிருப்பு குறைந்ததால் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2023-ல் வந்த புதிய பெட்ரோல் தரம், பெட்ரோலில் உள்ள ஹைட்ரோகார்பன் வகைகளில் ஒன்றான ஒலிஃபின்களின் வரம்பை 18 விழுக்காட்டிலிருந்து 15-க்கு இறக்கியது, பென்சீன் வகையான அரோமாட்டிக்குகளுக்கு 35 விழுக்காடு உச்சவரம்பு இருக்கிறது. இவற்றைக் குறைத்தால் ஆக்டேன் எங்கிருந்து வரும்? ஆக்டேன் மிகுந்த இன்னொரு கலவைப் பொருளான ஆல்கைலேட்டும் எம்டிபிஇ-யும்தான் கைகொடுக்கும். ஒரே அரசின் ஒரு விதி இதைக் கொல்லப் பார்த்தது, இன்னொரு விதி தாங்கிப் பிடித்தது.

மின்வண்டி விஷயமும் சீனாவில்தான் கூர்மையாகத் தெரிகிறது. 2024 ஜூலையில் அங்கே விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்கலத்தில் ஓடுபவை அல்லது செருகி மின்னேற்றும் கலப்பின வகை. பெட்ரோல் தேவை அங்கே இனி பெரிதாக ஏறாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேவை தேங்கினால் ஆலைகள் உடனே மூடிவிடுவதில்லை, மிச்சத்தைக் கப்பலில் ஏற்றுகின்றன. 2022-லிருந்தே சீன எம்டிபிஇ வெளிநாட்டுக்குக் கணிசமாகப் போகத் தொடங்கிவிட்டது. விற்கும் டன் ஏறும், டன்னுக்குக் கிடைக்கும் இலாபம் மெலியும். இரண்டையும் ஒரே கோட்டில் போடும் அறிக்கையை நம்பி ஆலை கட்டப் போகிறவரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மின்வண்டியைவிட எத்தனால்தான் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஆபத்து என்பது என் கணிப்பு. வண்டிகள் மாறப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும், கலப்பு விதி ஓர் அரசாணையில் மாறிவிடும். இந்தியா 20 விழுக்காட்டை எட்டிவிட்டது, பிரேசில் 2025 ஆகஸ்டில் 30-க்குப் போனது. நடுவில் ஒரு வழியும் உண்டு. மெத்தனாலுக்குப் பதில் எத்தனாலைப் போட்டால் அதே ஆலையில் சில மாற்றங்களோடு இதன் உறவுப் பொருளான இடிபிஇ (எத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர்) தயாரிக்கலாம். ஜப்பான் உயிரி எத்தனாலை அந்த வடிவில்தான் பெரும்பாலும் பெட்ரோலில் சேர்க்கிறது, ஐரோப்பாவிலும் பல ஆலைகள் அப்படி மாறின.

விலையைப் பற்றிச் சுருக்கமாக: ஐரோப்பிய வணிகர்கள் எம்டிபிஇ-யின் விலையைப் பெட்ரோல் விலையின் மடங்காகப் பேசுவார்கள், அதற்கு ஃபேக்டர் என்று பெயர். பெட்ரோல் டன் 700 டாலர், ஃபேக்டர் 1.2 என்றால் எம்டிபிஇ 840. கோடையில் ஆவியழுத்த வரம்பு இறுகும்போது ஆக்டேன் மிகுந்த, ஆனால் எளிதில் ஆவியாகும் மலிவான பியூட்டேனை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால் ஆக்டேன் தட்டுப்பாடாகி ஃபேக்டர் ஏறும். ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மாதவாரியாக எடுங்கள்.

கடைசியாக, தண்ணீருக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதுங்கள். அமெரிக்காவில் நிலத்தடித் தொட்டிகளை அரிப்பு, கசிவு, வழிதல் ஆகியவற்றுக்கு எதிராகச் சீர்செய்ய 1998 டிசம்பர் வரை கெடு வைத்திருந்தார்கள். அத்தனை விதிகள் இருந்த நாட்டிலேயே கிணறுகள் கெட்டன. இன்று இறக்குமதி செய்யும் நாடுகளில் எவற்றில் இரட்டைச் சுவர்த் தொட்டி கட்டாயம், எவற்றில் கசிவுச் சோதனை நடக்கிறது, எவற்றில் குடிநீர்க் கிணற்றில் எம்டிபிஇ-யைச் சோதித்தே பார்ப்பதில்லை என்று ஒரு அட்டவணை போடுங்கள். சோதிக்காத இடத்தில் கெட்டது தெரியாது, அதைக் குடிப்பவர்கள் உங்கள் அறிக்கையைப் படிக்கப்போவதும் இல்லை. அவர்களுக்காக அந்த அட்டவணை இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மேலாளர் பணமாகக் கேட்டால், 2013-ல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலம் தொடுத்த வழக்கில் ஜூரி எக்ஸான்மொபில் நிறுவனத்தின் மேல் விதித்த 23.6 கோடி டாலரைக் காட்டுங்கள். மேல்முறையீட்டிலும் அது நின்றது. மாநிலத்தில் எம்டிபிஇ விற்பனை நின்று பல ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. அந்தத் தொகையை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது என்று அவரிடமே கேளுங்கள்.

அறிக்கை முடிந்ததும் எனக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், ஆர்வத்தோடு படிப்பேன்.