கிணற்று நீரில் நைட்ரேட்: எந்த அரசுத் திட்டம் கைகொடுக்கும்?

கேள்வி: கீழ்பவானிப் பாசனப் பகுதியில் எங்களுக்கு மூன்று ஏக்கர், மஞ்சளும் நெல்லும் வைக்கிறோம். எங்கள் மகளிர் குழு ஊர்ப் பொதுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்ததில், நைட்ரேட் லிட்டருக்கு 92 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. யூரியாதான் காரணமா? உரத்தைக் குறைக்க அரசுத் திட்டம் ஏதாவது உண்டா? கிராம சபையில் என்ன கேட்கலாம்?

பதில்: குடிநீரை முதலில் பார்த்துவிடுவோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு வழியில்லாத ஊருக்கும் இதில் தளர்வு கிடையாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். சாதாரண வடிகட்டி பயன்படாது, ஆர்.ஓ. கருவி குறைக்கும். அறிக்கையில் 'நைட்ரேட்' என்று இருக்கிறதா, 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது கணக்கில் வரம்பு ஏறக்குறைய 10தான்.

யூரியாதான் காரணமா என்பதை ஒரே கிணற்றை வைத்துச் சொல்ல முடியாது. கழிப்பறைக் குழியிலிருந்தும் சாணக் குப்பையிலிருந்தும் அதே நைட்ரேட்தான் இறங்குகிறது. ஊருக்குள் இரண்டு, வயற்காட்டில் மூன்று என்று ஐந்தாறு கிணறுகளின் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கோலிஃபார்ம் கிருமியையும் குளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிருமியும் குளோரைடும் ஊர்க் கிணறுகளில் மட்டும் ஏறியிருந்தால் கழிவுநீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குடியிருப்பே இல்லாத காட்டுக் கிணற்றிலும் நைட்ரேட் ஏறியிருந்தால் உரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி அரசு விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 1991லேயே இதற்கென ஒரு நைட்ரேட் சட்டம் கொண்டுவந்தது. மாசுபடக்கூடிய பகுதிகளில் ஓர் எக்டேருக்குக் கால்நடை எருவழியே 170 கிலோவுக்கு மேல் தழைச்சத்து (நைட்ரஜன்) போடக் கூடாது, சில மாதங்களில் உரமே போடக் கூடாது என்று அங்கே விதி உண்டு. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை உரத்தின் தரத்தையும் விற்பனையையும் பார்க்கிறதே தவிர, வயலில் எவ்வளவு கொட்டினீர்கள் என்று கேட்பதில்லை. ஆகவே உங்கள் ஊரில் யாரையும் கட்டாயப்படுத்த வழியில்லை.

விலையும் எதிர்த்திசையில்தான் தள்ளுகிறது. 2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) உரங்கள் அதற்குள் போயின. யூரியாவை வெளியே விட்டார்கள், அதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. அதனால்தான் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மணிச்சத்து உரமான டி.ஏ.பி. 50 கிலோ 1,350 ரூபாய். ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்தால் கை எந்த மூட்டைக்குப் போகும்? என்னைக் கேட்டால், இந்த விலையைத் தொடாமல் மற்றவற்றால் கிடைக்கும் பலன் குறைவுதான்.

இருந்தாலும் அரசு சுற்றுவழியில் சில வேலைகள் செய்திருக்கிறது. 2015 முதல் யூரியா முழுவதும் வேம்பு பூசி வருகிறது. வேம்பு, தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கும். 2018இல் 50 கிலோ மூட்டையை 45 கிலோவாக்கினார்கள். விவசாயி மூட்டைக் கணக்கில் போடுகிறார், மூட்டை சிறுத்தால் உரமும் குறையும் என்ற எண்ணம். பல இடங்களில் அரை மூட்டை கூடுதலாகப் போட்டு அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். 2023இல் ஒப்புதல் பெற்ற பி.எம். பிரணாம் திட்டத்தில், ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி கிடைக்கும். அது மாநில அரசுக்குப் போகும் பணம். உங்கள் கணக்கில் எதுவும் வராது.

இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியா பற்றியும் சொல்ல வேண்டும், கடையில் கையில் திணிப்பார்கள். முதலில் வந்த 500 மி.லி. பாட்டிலில் இருந்த தழைச்சத்து 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்விலும் நெல், கோதுமை விளைச்சல் குறைந்தது.

உண்மையில் உதவக்கூடியவை நான்கு. மண்வள அட்டை இலவசம். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேர் கட்டம் ஒன்றுக்கு ஒரு மாதிரி என்றுதான் எடுத்தார்கள். அட்டையில் இருப்பது உங்கள் வயலின் எண்ணாக இல்லாமலும் போகலாம். உங்கள் மண்ணை நீங்களே எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். இரண்டாவது, பசுந்தாள் உரம். மாநில அரசின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறார்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிரை மடக்கி உழுத வயலுக்குப் பழைய அளவு யூரியா போட்டால் வீண். மூன்றாவது சொட்டுநீர்: சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம். மஞ்சளுக்கு உரத்தைப் பாசன நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் வேருக்குக் கீழே இறங்குவது வெகுவாகக் குறையும். நான்காவது, நெல்லுக்கு இலை வண்ண அட்டை, அதாவது இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணிட்ட அட்டை. நட்ட 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை வைத்துப் பாருங்கள்; வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4, அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கணக்கு உங்கள் கிணற்றிலேயே இருக்கிறது. வயல் கிணறும் 92 காட்டினால், ஒரு லிட்டரில் சுமார் 21 மில்லிகிராம் தழைச்சத்து கரைந்திருக்கிறது என்று பொருள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும் அளவு தண்ணீர் பாய்ச்சினால் 2 கிலோ தழைச்சத்து அதோடு சேர்ந்து வயலுக்குப் போகிறது. பயிர்க் காலம் முழுக்க 20 அங்குலம் இறைத்தால் 40 கிலோவுக்கு மேல், ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியா! நெல்லுக்கான பொதுப் பரிந்துரையே எக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்துதான். தண்ணீரில் வருவது முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. நெல் வயலில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். பாதி கிடைத்தாலும் ஒரு மூட்டை மிச்சம். வாய்க்கால் தண்ணீர் வரும் மாதங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் போகத்தில் அரை ஏக்கரில் மட்டும், ஏக்கருக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில் அரை மூட்டை குறைத்து, பக்கத்து வயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராம சபையில் மூன்று கோரிக்கை வையுங்கள்: பொதுக் கிணறுகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவது, பொதுக் கிணற்றருகே குப்பைக் குழிகளை இடம் மாற்றுவது, ஊருக்கே சேர்த்து மண் பரிசோதனை முகாம் கேட்பது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குத் தோது. பரிசோதனையை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மே, இன்னொன்று வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரி. மண்ணில் தேங்கியது மழையில் கீழே இறங்குவதால் ஜனவரி எண் ஏறியிருக்கலாம். அதை மே மாத எண்ணோடு ஒப்பிட்டு உரத்தைக் குறைத்தும் பயனில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நிலத்தடி நீர் மெதுவாகத்தான் மாறும். சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதுவரை குடிக்க வேறு தண்ணீர் கேட்டு ஊராட்சியில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.