உலகப் பட்டம் பெறாத மிகச்சிறந்த ஹெவிவெயிட் (மிகக் கூடுதல் எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர் யார்?

என்னைக் கேட்டால் தயங்காமல் சாம் லாங்ஃபோர்டு என்பேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வேமவுத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி பாஸ்டனுக்கு வந்து குத்துச்சண்டை வீரரானார். உயரம் ஐந்தரை அடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

1906-இல் மாசசூசெட்ஸின் செல்சி நகரில், தம்மைவிடச் சுமார் 13 கிலோ கூடுதல் எடைகொண்ட ஜாக் ஜான்சனுடன் மோதினார். கடுமையாக அடிபட்டுத் தோற்றார்; ஆனாலும் 15 சுற்றுகளும் தாக்குப்பிடித்தார். 1908-இல் ஜான்சன் உலகச் சாம்பியன் ஆனார். அதன்பின் சாம் எத்தனை முறை அறைகூவியும் அவர் இணங்கவே இல்லை. நிறத்தைக் காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் காக்கவைக்கப்பட்டவரே இன்னொரு கறுப்பு வீரருக்குக் கதவை அடைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சாமின் சண்டைப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்தேன். ஹாரி வில்ஸ், சாம் மெக்வே, ஜோ ஜெனெட் என்று அதே கறுப்பு வீரர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வில்ஸுடன் மட்டும் பதினைந்து தடவைக்கு மேல்! பட்டத்துக்கான வாய்ப்பு இவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வயிறு வளர்க்க ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. பிற்காலச் சாம்பியன் ஜாக் டெம்ப்சி, சாமுடன் மோத அஞ்சியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1917-இல் ஃபிரெட் ஃபுல்டனுடன் நடந்த சண்டையில் ஒரு கண் போயிற்று. மறுகண்ணும் மங்கத் தொடங்கியது. அப்படியும் 1922-இல் அட்லாண்டாவில் டைகர் ஃபிளவர்ஸை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அதே ஃபிளவர்ஸ்தான் நான்கு ஆண்டுகள் கழித்து மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) உலகச் சாம்பியன் ஆனவர். எதிரே நிற்பவர் வெறும் நிழலாகத் தெரியும் நிலையில் அப்படியொரு குத்து விழுந்திருக்கிறது!

1944-இல் ஆல் லேனி என்ற நியூயார்க் பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கிளம்பினார். சாம் எப்போதோ இறந்துவிட்டார் என்றே பலரும் சொன்னார்களாம். கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு சிறிய அறையில், இரு கண்களும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார். கட்டுரை வெளியானதும் வாசகர்கள் பணம் திரட்டினார்கள். தமக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம், சண்டையிட்ட நாட்களெல்லாம் மகிழ்ச்சியானவைதான் என்றார் சாம். அந்தக் கிறிஸ்துமஸின்போது அவர் கையில் ஒரு கிடார் இருந்தது.