எந்த மாடலைப் பார்க்கிறீர்கள்?

கேள்வி: அறிவியல் புனைகதைப் படங்களில் ஒரே விண்கலம் காட்சிக்குக் காட்சி வேறு மாதிரி இருக்கிறதே? இவ்வளவு செலவழித்து எடுப்பவர்கள் இப்படியா கவனக்குறைவாக இருப்பது? இந்தப் பிழைகளைப் பிடிப்பது எப்படி?

பதில்: கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதுமுன், திரையில் ஓடுவது எந்தக் கலம் என்று பாருங்கள். ‘ஒரே விண்கலம்’ என்று ஒன்று ஸ்டூடியோவில் கிடையாது. கிட்டத்துக் காட்சிக்குப் பெரிய மாடல், தூரத்தில் பறக்கச் சின்ன மாடல், நடிகர்கள் ஏறி இறங்க முழு அளவு செட், உள்ளே நடமாட இன்னொரு செட். ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் ஈகிள் கலத்துக்கு 44, 22, 11, ஐந்தரை அங்குலம் என நான்கு அளவுகளில் மாடல்கள் செய்தார்கள். பெரியதில் இருக்கும் குழாய் வேலைப்பாடெல்லாம் ஐந்தரை அங்குலத்தில் வராது. அதைப் பிழை என்பது நியாயமில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரைப் பாருங்கள். அதில் வரும் எண்டர்பிரைஸ் கலத்தின் 11 அடி மாடலுக்கு வலப்பக்கம் மட்டுமே முழுதாக முடிக்கப்பட்டது. இடப்பக்கம் விளக்குகளுக்கான ஒயர்கள் வெளியே வந்தன. இடப்பக்கம் தேவைப்பட்டபோது எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஒட்டிப் படம்பிடித்து, ஃபிலிமை இடவலமாகத் திருப்பினார்கள். அதோடு, தொடருக்கு முன் சோதனையாக எடுத்த பைலட் எபிசோடுகளின் காட்சிகளையே தொடரிலும் மறுபடி பயன்படுத்தினார்கள். இதைப் பிடிக்க, இரண்டு எஞ்சின் குழாய்களின் முனைகளை மட்டும் கவனியுங்கள். முன்முனையில் கூரான ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் பழைய காட்சி. உள்ளே விளக்குகள் சுழன்றால் தொடருக்காக மாற்றியமைத்த பின் எடுத்தது. இது சிக்கனம், மறதி அல்ல.

வேலையைத் தொடங்குமுன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ 1997 சிறப்புப் பதிப்பிலும், 2006 முதல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ புதுப்பிப்பிலும் பல மாடல் காட்சிகளை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வைத்துவிட்டார்கள். அதை வைத்துப் பழைய மாடலில் குறை சொன்னால் வாதமே விழுந்துவிடும்.

பிறகு இருபக்கமும் ஒன்றுபோல இல்லாத நான்கைந்து அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆன்டெனா, தீக்கறை, நிறம் மாறிய தகடு. ‘ஸ்டார் வார்ஸ்’ கலமான மில்லேனியம் ஃபால்கனின் காக்பிட் வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் கலம் மூக்கைக் காட்டி நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். ‘ஃபிலிம் திருப்பப்பட்டிருக்கிறது’ என்று வரும் கடிதங்களில் பலவும் சறுக்குவது இங்கேதான். கால்களையும் எண்ணுங்கள்: 1977 படத்தில் ஃபால்கன் மூன்று கால்களில் நிற்கிறது, 1980 படத்தில் ஐந்தில். இது உண்மையான முரண்.

அளவு கணக்கிடுவதில் ரொம்பவே நிதானம் வேண்டும். கதவு 24 பிக்சல் உயரம், கலம் 480 பிக்சல் நீளம், கதவு 2 மீட்டர் என்று வைத்தால் கலம் 40 மீட்டர். கதவின் விளிம்பு மங்கலாக இருந்து இரண்டு பிக்சல் கூடவோ குறையவோ எண்ணிவிட்டால், விடை 37-லிருந்து 44 மீட்டர் வரை ஓடும். அதுவும் கதவும் கலத்தின் நீளமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான். வைட் லென்ஸை மாடலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த ஷாட்டில் முன்னால் இருப்பது ஊதிப் பெரிதாகத் தெரியும். அந்த ஃப்ரேமில் அளக்கவே அளக்காதீர்கள். பக்கவாட்டில் தூரத்திலிருந்து எடுத்த மூன்று ஃப்ரேம்களாவது ஒத்துப்போக வேண்டும்.

ஒரு பாகம் திடீரென்று காணாமல் போனால் முன்னும் பின்னும் பத்து ஃப்ரேம் நகர்த்திப் பாருங்கள். நீலத்தை வெட்டிவிட்டு வேறு பின்னணி சேர்ப்பதற்காக மாடலை நீலத்திரைக்கு முன்னால் எடுக்கும்போது பளபளப்பான பரப்பில் அந்த நீலம் பிரதிபலித்தால், அந்த இடமும் பின்னணியோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். அப்படி வந்த ஓட்டை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் உருமாறும், துடிக்கும். பாகம் நிஜமாகவே உதிர்ந்திருந்தால் அந்த ஷாட் முழுக்க இருக்காது.

மாடலின் சிறுமை வெடிப்பில்தான் அதிகம் வெளிப்படும். 25-இல் ஒரு பங்கு மாடல் என்றால் 25-இன் வர்க்கமூலம் 5. எனவே திரையில் துண்டுகள் பெரிய கலத்தினுடையவைபோல மெதுவாக விழ, நொடிக்கு 24-க்குப் பதில் 120 ஃப்ரேம் எடுக்க வேண்டும். குறைத்து எடுத்தால் துண்டுகள் சடசடவென்று விழுந்து, கனமே இல்லாததுபோல் தெரியும். வேகத்தைச் சரிசெய்தாலும் தீ நாக்கின் அளவை மாடலுக்கேற்பச் சுருக்க முடியாது. இது இயற்பியல்; யாரையும் திட்டிப் பயனில்லை.

உள்ளே விசாலமாகவும் வெளியே ஒடுக்கமாகவும் இருப்பதையும் பலர் எழுதுகிறார்கள். கேமராவும் விளக்கும் ஆட்களும் நுழைய இடம் வேண்டாமா?

கவனக்குறைவு என்று தாராளமாகச் சொல்லக்கூடியது வேறு. சண்டையில் இறக்கை கருகிய கலம், கதைப்படி பழுதுபார்க்க நேரமே இல்லாமல் அடுத்த காட்சியில் புத்தம் புதிதாக வந்தால் அது பிழைதான். முன்கதைக் காட்சியைக் கடைசியில் எடுத்து, அதற்குள் மாடலில் ஏறிவிட்ட குண்டுத் தடங்களைத் துடைக்காமல் விட்டதும் பிழைதான். அப்படி ஒன்று கிடைத்தால், பதிப்பின் பெயரும் நிமிடம், நொடியும் சேர்த்து அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.